லீபிக் வடித்த சாறு

சென்ற மாரிகாலத்தில் என் மனைவியார் டெங்குக் காய்ச்சலுற்று, இரண்டு கிழமை படுக்கையிற் கிடந்து ஒருவாறு எழுந்தார். பிள்ளைகள் இருவரும் கடல் கடந்து வாழ்கின்றனர். அடுப்படி வேலையோ எனக்குக் கைவந்ததன்று. முப்பத்தொரு ஆண்டுகள் இரசாயன ஆசிரியனாக இருந்து, ஆய்வுகூடத்தில் எத்தனையோ திரவங்களைக் காய்ச்சி வடித்தவன், ஒரு கறியைக் காய்ச்சி இறக்கக் கற்றுக்கொள்ளவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

நோயினின்றும் தேறுபவருக்கு இறைச்சி உணவு பலம் தரும் என்று கனடாவிலிருந்து மகள் தொலைபேசியிற் சொன்னாள். நானும் பட்டணத்துப் பல்பொருள் அங்காடியொன்றுக்குச் சென்று, குளிர்ப்பெட்டியில் அடுக்கியிருந்த ஆயத்த உணவுகளுள் ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் அடங்கிய பெட்டியொன்றை வாங்கி வந்தேன். மேலுறையிலே துண்டு துண்டாக இறைச்சி மின்னிக்கொண்டிருந்தது. சூடாக்கித் திறந்தபோது வாசனைக்குக் குறைவில்லை, குழம்புக்கும் குறைவில்லை. இறைச்சியைத்தான் கரண்டியாற் தேடவேண்டியிருந்தது. மனைவியார் இரண்டு வாய் உண்டுவிட்டுக் கோப்பையை அப்பால் நகர்த்தி வைத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட இல்லறத்தில் அவருடைய மௌனங்களின் பொருளை நான் நன்கு அறிவேன்.

மனம் ஆறாமல் அந்த வெறும் பெட்டியைக் கையிலெடுத்து, அதன் பக்கவாட்டிற் பொடியெழுத்தில் அச்சிட்டிருந்த சேர்மானங்களை வாசித்தேன். சுவையூட்டி என்ற சொல்லின் அருகே 631 என்றோர் இலக்கம் இருந்தது. அது இனோசினிக் அமிலத்தின் சோடிய உப்பைக் குறிக்கும் இலக்கம். அவ்வமிலத்தை முதன்முதலில் இறைச்சிச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, 1847ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தவர் யேர்மனிய இரசாயன மேதை யூஸ்டஸ் லீபிக். முப்பத்தொரு ஆண்டுகளாக நான் கரும்பலகையில் வரைந்து காட்டிய ஒடுக்கியும் அவர் பெயரையே தாங்கியது. என் மனைவியார் ஒதுக்கிவைத்த கோப்பையினுள்ளேயும் அவரே இருந்தார் என்று கண்டபோது, அப்பெரியாரின் வரலாற்றை மறுபடியும் புரட்டிப் பார்க்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று.

லீபிக் 1803ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, டார்ம்ஸ்டாட் என்னும் நகரிற் பிறந்தார். தந்தையார் சாயங்களும் வண்ணங்களும் மருந்துச் சரக்குகளும் விற்கும் சிறு வணிகர். அச்சரக்குகளைக் கலந்தும் காய்ச்சியும் ஆக்கும் வேலையே சிறுவனுக்கு விளையாட்டாயிற்று. ஒருமுறை சந்தைக்கு வந்த நாடோடி வியாபாரி ஒருவன், தட்டினால் வெடிக்கும் வெள்ளி உப்பொன்றைச் செய்து காட்டக் கண்டு, தானும் வீட்டிலே அதனைச் செய்து பார்த்தான். பள்ளிப் படிப்பில் மட்டும் மனம் செல்லவில்லை. எதிர்காலத்தில் என்னவாகப் போகிறாய் என்று தலைமையாசிரியர் வினவியபோது இரசாயனவியலாளன் ஆவேன் என்று விடை சொல்ல, வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்ததாம். வகுப்பிலே பின்வாங்கிலிருக்கும் பிள்ளைகளைக் குறித்து முடிவு கட்டிவிடும் ஆசிரியர்கள் இந்நிகழ்ச்சியை அடிக்கடி நினைவுகூர்தல் நலம்.

அவருடைய பதின்மூன்றாம் வயதில், 1816ஆம் ஆண்டில், ஐரோப்பாவிலே கோடை வரவில்லை. முதலாண்டில் இந்தோனேசியத் தீவொன்றிலுள்ள தம்போரா எரிமலை கக்கிய தூசி வானை மூடியமையால், பயிர்கள் விளையாது பஞ்சம் பரவியது. பசித்த மக்களைக் கண்ட அந்த இளமைக் காலமே, பின்னாளில் நிலத்துக்கு உரமும் மனிதனுக்கு உணவும் தேடும் பணியிலே அவரைச் செலுத்தியது என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

மருந்துக்கடை ஒன்றிலே பயில அனுப்பப்பட்டவர் அங்கே நிலைக்கவில்லை. பின் பொன், எர்லாங்கன் ஆகிய இடங்களிற் கற்று, நாட்டுப் பிரபுவின் உதவியோடு பரிசு நகர் சென்று, கேலுசாக் என்னும் பேராசானிடம் அளந்து நிறுத்து ஆராயும் முறையைப் பயின்றார். 1824ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், கீசன் என்னும் சிற்றூரின் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். அங்கே படைவீரரின் பழைய காவற்கூடமொன்றே அவருக்கு ஆய்வுகூடமாக வாய்த்தது. ஆசிரியர் மேசையிலே செய்து காட்ட மாணவர் வாங்கிலிருந்து பார்க்கும் வழக்கத்தை மாற்றி, மாணவர் ஒவ்வொருவரும் தம் கையாற் செய்தே கற்கவேண்டும் என்னும் முறையை அங்கே நிலைநாட்டினார். பல நாட்டு இளைஞர் அவ்வூரை நாடி வந்தனர். ஒப்மன், கெக்குலே முதலிய பெரும் பெயர்கள் அக்கூடத்தினின்று புறப்பட்டவையே. இன்று எம் கல்லூரிகளிலே பிள்ளைகள் வெள்ளை மேலங்கி அணிந்து சோதனைக்குழாயைக் கையிலெடுப்பதும் அந்தக் காவற்கூடம் தந்த வழக்கமே எனலாம்.

சேதனப் பொருள்களிலுள்ள காபனை அளக்க, ஐந்து குமிழ்கள் கொண்ட சிறு கண்ணாடிக் கருவியொன்றை 1831இல் அவர் அமைத்தார். அதன் பின் முன்னைய பெருவேலை சிறுவேலையாயிற்று. அவர் பெயரால் வழங்கும் ஒடுக்கியை மட்டும் அவர் கண்டுபிடிக்கவில்லை. முன்னோர் கண்டதைப் பரப்பினார், அவ்வளவே. இதனை நான் மாணவருக்குச் சொல்லியதுண்டு. சொல்லாமல் விட்டவை வேறு, அவற்றுக்கே வருகிறேன்.

1840இல் லீபிக் வேளாண்மையை நோக்கித் திரும்பினார். பயிர் மண்ணிலுள்ள உக்கிய பொருளை உண்டு வளர்கிறது என்பது அக்காலத்து நம்பிக்கை. அன்று, பயிருக்கு வேண்டியவை பொசுபரசு, பொற்றாசியம் முதலிய கனிப்பொருள்களே என்றும், விளைச்சலிலே நாம் எடுத்துச் செல்வதை நிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தல் வேண்டும் என்றும் அவர் எழுதினார். பயிருக்கு வேண்டிய பொருள்களுள் எது மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் அளவைத் தீர்மானிக்கும். மற்றவை எவ்வளவு மிகுந்திருப்பினும் பயனில்லை என்பது இழிவு விதி. சிப்றெங்கல் என்பார் முன்னரே கூறியதாயினும், உலகமறியச் செய்தவர் லீபிக்கே. பலகைகளாற் கட்டிய தொட்டியிலே ஒரு பலகை குட்டையாயின், நீர் அப்பலகையின் உயரத்துக்கு மேல் நில்லாது என்று பிற்காலத்தார் இதற்கு உவமை கூறினர்.

எங்கள் குடாநாட்டுக் கமக்காரருக்கு இவ்விதி புதியதன்று. செம்மண் தோட்டத்திலே பூவரசங் குழை தாழ்ப்பதும், பனையோலை புதைப்பதும், ஆடுமாடுகளை இரவிற் பட்டியடைப்பதும் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் வழிகளே. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி இந்நாட்டிலே தடுக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிலே அத்தடை தளர்த்தப்படும்வரை கமக்காரர் பட்ட பாட்டைக் கண்டவர்கள், குட்டைப் பலகையின் பொருளைப் புத்தகம் இன்றியே கற்றனர்.

இத்தகைய விதியை உலகுக்கு உரைத்தவர் அவ்விதியிலேயே இடறினார் என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையும் துயரமும் ஆகும். 1845ஆம் ஆண்டில் லீபிக் ஒரு செயற்கைப் பசளையை வகுத்தார். லிவர்பூல் பகுதியிலே தொழில் நடத்திய மஸ்பிராற் என்னும் நண்பரின் தொழிற்சாலை அதனைச் செய்தது. மழைநீர் உப்புக்களைக் கரைத்துக்கொண்டு போய்விடும் என்று அஞ்சி, அவற்றை உருக்கிக் கரையாத வடிவில் ஆக்கினார். கரையாத உணவை வேர் எவ்வாறு உண்ணும்? அன்றியும், பயிருக்கு வேண்டிய நைதரசன் காற்றிலும் மழையிலும் இருந்து போதிய அளவு வந்துசேரும் என்று நம்பி, அதனைப் பசளையிற் சேர்க்காது விட்டார். பசளை தோல்வியுற்றது. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் என்னுமிடத்திலே லோஸ், கில்பேட் என்னும் இருவர் ஆண்டாண்டாக நடத்திய வயற்பரிசோதனைகள், நைதரசன் இன்றிக் கோதுமை தழைக்காது என்று காட்டின. கரையாமற் செய்த குற்றத்தை லீபிக் பின்னாளில் தம் நூலிலேயே வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நைதரசன் விஷயத்தில் முழுமனதோடு இறங்கிவந்தாரெனச் சொல்வதற்கில்லை.

இனி இறைச்சிக்கு வருவோம். 1847இல் அவர் இறைச்சியை ஆராய்ந்து நூலொன்று வெளியிட்டார். இனோசினிக் அமிலம் வெளிவந்தது அவ்வாராய்ச்சியிலேதான். இறைச்சியின் சிறப்பெல்லாம் அதன் சாற்றிலே உள்ளதென்று அவர் கருதினார். முதலில் கடுஞ்சூட்டில் வாட்டினால் மேற்பரப்பு இறுகிச் சாறு உள்ளே தங்கிவிடும் என்று சமையற்காரருக்கும் வழி சொன்னார். பின்வந்தோர் நிறுத்துப் பார்த்து அது பிழையென்று கண்டனர். ஆயினும் அந்நம்பிக்கை இன்றும் பல அடுப்படிகளில் வாழ்கிறது.

1852இல் லீபிக் மியூனிக் நகருக்கு மாறினார். அக்காலத்தை அண்டி, முன் கூறிய மஸ்பிராற்றின் மகள் எம்மா அவர் வீட்டில் விருந்தினளாகத் தங்கியிருந்தபோது கடும் நோயுற்று, எவ்வுணவும் கொள்ளாது மெலிந்தாள். லீபிக் கோழியிறைச்சியைப் பொடியாக அரிந்து, குளிர்ந்த நீரில் ஐதரோகுளோரிக்கமிலம் சில துளி விட்டு ஊறவைத்து, வடித்த சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவித்தார். பெண் பிழைத்தாள். இங்கே மாணவர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு: அச்சாறு காய்ச்சப்படவில்லை. ஆகவே நீரிற் கரையும் புரதம் உறையாமற் சாற்றோடு வந்தது.

உலகச் சந்தைக்குப் போன சாறோ வேறு வகையினது. அரிந்த இறைச்சியை நீரிலே காய்ச்சி, உறைந்த புரதத்தை வடித்து நீக்கி, மிதந்த கொழுப்பை அகற்றி, எஞ்சிய நீரைப் பாகாக வற்றச் செய்தது அது. கொழுப்பு இருந்தாற் சிக்கெடுக்கும். புரதம் இருந்தால் அழுகும். இரண்டும் இல்லையேல் பல காலம் கெடாது. ஏறத்தாழ முப்பது இறாத்தல் இறைச்சி ஓர் இறாத்தற் பாகாயிற்று. லீபிக் இதன் செய்முறையை மறைக்கவில்லை. தமக்கென உரிமை பதிந்து வைக்கவுமில்லை. தென்னமெரிக்கப் புல்வெளிகளிலே தோலுக்காக மாடுகளைக் கொன்று இறைச்சியை எறிந்துவிடுகிறார்களே, அவ்விறைச்சியின் சாரம் ஐரோப்பிய ஏழையின் கிண்ணத்தை அடைதல் வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்த ஆசையிலே கள்ளமில்லை.

கீபேட் என்னும் எந்திரவியலாளர் அவ்வாசையைத் தொழிலாக்க முன்வந்தார். உருகுவே நாட்டு ஆற்றங்கரையிலுள்ள பிறே பென்ரோசிலே ஆலை எழுந்தது. 1865இல் இலண்டனிலே லீபிக் பெயரால் கம்பனி அமைந்தது. சாடிதோறும் அவருடைய கையொப்பம் விளங்கியது. ஒரு சாடியிலே முப்பது மடங்கு இறைச்சியின் பலம் அடங்கியிருப்பதாக மக்கள் நம்பினர். மருத்துவமனைகளும் படைகளும் வாங்கின. அக்கம்பனியே பின்னர் தகரத்தில் அடைத்த உப்பிறைச்சியையும், சூப்புக் கட்டிகளையும் உலகெங்கும் அனுப்பியது. அவ்வாலை நின்ற இடம் 2015ஆம் ஆண்டு முதல் உலக மரபுரிமைத் தலங்களுள் ஒன்றாக விளங்குகிறது.

ஆனால் மருத்துவரும் இரசாயனவியலாளரும் நாளடைவிலே ஐயம் எழுப்பினர். ஊட்டும் புரதத்தையும் கொழுப்பையும் நீக்கிய பின், ஊட்டம் எங்கிருந்து வரும்? லீபிக்கும் தம் கூற்றை மெல்ல மெல்லச் சுருக்கி, அது பிற உணவுகளோடு சேர்க்கத் தக்க துணைப்பொருள் என்றளவிலே நின்றார். அவருடைய மியூனிக் நண்பர் பெட்டன்கோபரே அதனைத் தேநீர், கோப்பி முதலியவற்றின் வரிசையிலே, உற்சாகம் தரும் பொருளாக வைத்துப் பேசினார். ஏழைக்கென்று எண்ணிய சாறு ஏழைக்கு மலிவாகவும் அமையவில்லை. லீபிக் 1873ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 18ஆந் திகதி மியூனிக்கிலே காலமானார். சாடிகளிலே கையொப்பம் தொடர்ந்தது.

இரண்டு பிழைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பசளையிலே விடுபட்டது நைதரசன். சாற்றிலே விடுபட்ட புரதமும் நைதரசனைத் தாங்கிய பொருளே. வயலிலும் கிண்ணத்திலும் அவர் தொட்டியின் அதே பலகை குட்டையாயிருந்தது. முன்னையதிலே மழை கொண்டுபோகும் என்ற அச்சம். பின்னையதிலே கெட்டுப்போகும் என்ற அச்சம். காக்கவேண்டும் என்ற கவலை, எதனைக் காக்கின்றோம் என்ற கேள்வியை மறக்கச் செய்தது.

காத்துவைத்தலே குற்றம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் ஒடியலும் கருவாடும் பல மாதம் இருப்பவையே. அவற்றிலிருந்து வெயில் கொண்டுபோவது நீரை. மாவும் புரதமும் அங்கேயே கிடக்கின்றன. லீபிக் சாடியில் நின்றதோ சுவை. 1913இல் யப்பானியரான கொடாமா என்பார், அந்நாட்டார் சூப்புக்கு இடும் உலர்ந்த மீனின் சுவைக்குக் காரணம் இனோசினிக் அமிலத்தின் உப்பே என்று கண்டார். எங்கள் மாசிச் சம்பலின் சுவையும் அந்த இனத்ததே. மாசியிலே சுவையோடு மீனும் இருக்கிறது. நான் வாங்கிய பெட்டியிலே 631 இருந்தது. ஆடு மிகச் சிறிதே இருந்தது. இறைச்சி உண்கிறோம் என்று நாக்கு நம்பும், உடம்பு நம்பாது.

அடுத்த ஞாயிறு விடியற்காலையில், அயல்வீட்டு அண்ணரோடு ஊரிலே பங்கு போடும் இடத்துக்குச் சென்றேன். வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம்: எங்கள் ஊர்களிலே பலர் கூடி ஓர் ஆட்டை வாங்கி, வெட்டிப் பங்கிட்டுக் கொள்ளும் வழக்கம் உண்டு. ஆடு யாருடையது, எந்த வளவிலே குழை தின்று வளர்ந்தது என்பது எல்லாருக்கும் தெரியும். தசையில் ஒரு பகுதி, எலும்பில் ஒரு பகுதி, ஈரலிற் சிறு துண்டு, கொழுப்பிற் சிறிது என்று ஒவ்வொரு பங்கிலும் ஆட்டின் ஒவ்வொரு கூறும் இருக்கும்படி வைப்பார்கள். எவருக்கும் எதுவும் விடுபடாது. பனையோலை விரிப்பிலே வரிசையாக இருந்த அந்தப் பங்குகளைப் பார்த்தபோது, தொட்டியின் பலகைகள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்பதாக எனக்குத் தோன்றிற்று.

ஒரு பங்கின் விலை நான் வாங்கிய பெட்டிகள் நான்கின் விலைக்கு மேலாயிற்று. ஓய்வூதியக்காரனுக்கு அது சிறிய தொகையன்று. ஆகவே மாதத்தில் ஒருமுறை மட்டும் பங்கு வாங்குவது, மற்ற நாட்களிற் பருப்பும் கீரையும் மீனும் போதும் என்று இருவரும் முடிவு செய்தோம். சைவ போசனக்காரரான வாசகர்கள் என்னைப் பொறுத்தருள்க. பொடியாக்கிச் சுவையூட்டிய பருப்புச் சூப்புக்கும் நல்ல பருப்புக்கும் இடையிலுள்ள தூரமும் இதுவேதான். குறைவாக வாங்கினும் முழுதாக வாங்குவோம் என்பதே நான் கண்ட முடிவு.

மனைவியார் நாற்காலியில் அமர்ந்தபடி சொல்லச் சொல்ல, நான் எலும்பைச் சட்டியிலிட்டு, மிளகும் மல்லியும் உள்ளியும் சேர்த்து, இளந்தணலில் நெடுநேரம் வைத்தேன். இறைச்சியைத் தனியே கறியாக்கி, இறக்கும்போது சரக்குத்தூள் தூவினேன். உப்புச் சற்றுக் கூடிவிட்டது. ஆயினும் கோப்பை வெறுமையாகத் திரும்பியது.

லீபிக்கைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. எம் மாணவர் தம் கையாற் செய்து கற்பதும், எம் தோட்டங்கள் அளந்து உரமிடப்படுவதும் அவர் விட்டுச்சென்ற செல்வம். ஆனால் முப்பத்தொரு ஆண்டுகள் ஒடுக்கியின் படத்தை வரைந்து, நீர் கீழிருந்து புகுந்து மேலே வெளியேறும் என்று அம்புக்குறி இட்டுக் காட்டிய நான், அப்பெரியார் எங்கே பிழைத்தார் என்பதை ஒரு வகுப்பிலேனும் சொல்லவில்லை. அவருடைய வெற்றிகளைப் பரீட்சை கேட்கும், பிழைகளைக் கேட்பதில்லை. இப்போது கற்பிக்கின்றவர்கள் ஒரு பாடவேளையில் ஐந்து நிமிடத்தை இதற்கு ஒதுக்குவார்களாயின், பெட்டியின் படத்தைப் பார்க்குமுன் அதன் பக்கவாட்டை வாசிக்கும் பிள்ளைகள் சிலரேனும் எம்மிடையே வளர்வர்.